ரப்பர் செத்துப்போச்சு, தம்பி!

ரேடியோவில் வேலை பார்ப்பவன் காரிலும் ரேடியோவைச் சத்தமாகத்தான் வைப்பான். அதனால்தானோ என்னவோ, பானட்டுக்குள் பல வாரங்களாக ‘உஸ்ஸ்’ என்று ஏதோ சீறியது என் காதில் விழவே இல்லை. சிக்னலில் நிற்கும்போது ஆர்பிஎம் முள் ஏறி இறங்கும். எஞ்சின் விளக்கும் ஒருமுறை எரிந்தது. ஒரு கடையில் விளக்கை மட்டும் அணைத்துக் கொடுத்தார்கள். நானும் மகிழ்ச்சியாக வந்துவிட்டேன்.

பள்ளி விடுமுறையில் கேமரன் மலை போய்விட்டுக் குடும்பத்தோடு தாப்பா பக்கம் இறங்கிக்கொண்டிருந்தோம். ஒரு வளைவில் பிரேக்கை மிதித்தால் கல்லை மிதிப்பது போல் இருந்தது. கியரைக் குறைத்து, உள்ள பலத்தையெல்லாம் காலில் கொடுத்து ஓரங்கட்டினேன். பின்சீட்டில் அம்மா “முருகா” என்றார். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

கார் இழுவை லாரியில் கிள்ளானுக்கு வந்தது. 13 வயது டர்போ கார். டர்போவே போயிருக்கும், சில ஆயிரம் ரிங்கிட் பழுத்துவிடும் என்று பயந்தேன். போர்மேன் அண்ணன் ஒரு குழாயை மடக்கிக் காட்டினார். பிஸ்கட் மாதிரி வெடித்திருந்தது. “ரப்பர் செத்துப்போச்சு, தம்பி.”

அதுதான் வேக்குவம் ஹோஸ். பிரேக் பூஸ்டர், எஞ்சின் காற்றை உறிஞ்சும் விசையைக் கொண்டுதான் நம் காலுக்குத் துணை செய்கிறது. குழாயில் ஓட்டை விழுந்தால் அந்தத் துணை போய்விடும். டர்போ காரில் இந்தக் குழாய்களுக்கு இரட்டை வேலை. சும்மா நிற்கும்போது உறிஞ்சலைத் தாங்க வேண்டும், எண்ணெயை அழுத்தினால் டர்போ தள்ளும் காற்றழுத்தத்தையும் தாங்க வேண்டும். பக்கத்திலேயே டர்போவின் அனல் வேறு. வேஸ்ட்கேட்டுக்குப் போகும் மெல்லிய குழாய் கழன்றால் அழுத்தம் எல்லை மீறி எஞ்சினையே கெடுக்கலாம் என்றார் அண்ணன்.

ஒன்று மாற்றினால் போதாதா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே அடுத்த குழாயை லேசாக இழுத்தார். அதை இணைத்த பிளாஸ்டிக் ‘டி’ துண்டு பட்டென்று ஒடிந்தது! பழைய குழாயை இழுக்கக் கூடாதாம், கத்தியால் கீறி உரிக்க வேண்டுமாம். முதலில் கைப்பேசியில் படம் எடுத்துவிட்டு, ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்டினால் இடம் மாறாது. ஒருவழி வால்வைத் திருப்பி மாட்டினால் பிரேக் மறுபடியும் கல்தான். கண்ணைப் பறிக்கும் நீல சிலிகான் குழாய் கேட்டேன். சுவர் மெல்லியதாக இருந்தால் உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளும், எண்ணெய் ஆவி போகும் இடத்துக்குச் சாதாரண சிலிகான் ஆகாது என்று மறுத்துவிட்டார். பிரேக் குழாய்க்கு அதற்கென்றே உள்ள தடித்த வகைதான். கடைசியில் புகை செலுத்தி, எங்கும் கசியவில்லை என்று காட்டிய பிறகே சாவியைக் கொடுத்தார்.

கூலியோடு 380 ரிங்கிட். இப்போது காலையில் வண்டியை எடுத்ததும் முதல் ஐந்து நிமிடம் ரேடியோ போடுவதில்லை. என் நிலையத்தில் என் நண்பர் பேசிக்கொண்டிருந்தாலும் சரி.