பறந்து முடித்த விமானத்துக்குக் காவல் யார்?

ரேணிகுண்டாவிலிருந்து புத்தூர், திருத்தணி வழியாக அரக்கோணம் போகும் பாசஞ்சர் வண்டியில் பல ஆண்டுகள் பயணம் செய்தவர்களுக்கு ஒரு சத்தம் நினைவிருக்கலாம். அரக்கோணம் நெருங்கும்போது, வண்டிச் சக்கரங்களின் ஓசையையும் மீறி, வானத்திலிருந்து ஒரு கனத்த உறுமல் கேட்கும். ஜன்னல் ஓரத்துக் குழந்தைகள் தலையை வெளியே நீட்டுவார்கள். பெரியவர்கள் பிடித்து இழுப்பார்கள். நான்கு என்ஜின்களும், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுழலும் இரட்டை விசிறிகளும் கொண்ட மாபெரும் விமானம் ஒன்று தாழ்வாகப் பறந்து போகும்.

அதன் பெயர் டி.யூ.142. ரஷ்யாவில் செய்யப்பட்டது. நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிக் கண்டுபிடிப்பது அதன் தொழில். இந்தியக் கடற்படைக்கு இவ்வகை விமானங்கள் 8 வந்தன. 1988ல் முதலில் கோவாவில் சேவை தொடங்கியது. 1992 மார்ச் 11ந் தேதி அப்போதைய ஜனாதிபதி ஆர்.வெங்கட்ராமன் அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளி தளத்தைத் தொடங்கி வைத்தார். அந்த ஆண்டே இந்த விமானங்கள் அங்கு குடிவந்தன. பிறகு அமெரிக்காவின் பி.8ஐ விமானங்கள் 2013 முதல் வரத் தொடங்கின. 29 ஆண்டு சேவைக்குப் பின், 2017 மார்ச் 29ந் தேதி டி.யூ.142க்கு ஓய்வு கொடுக்கப்பட்டது. 30 ஆயிரம் மணி நேரம் விபத்தின்றிப் பறந்த படைப்பிரிவு என்பது அதன் பெருமை.

கடற்கரைக்கு வந்த கதை

ஓய்வு பெற்ற மனிதருக்கு ஓய்வூதியம் உண்டு. ஓய்வு பெற்ற விமானத்துக்கு என்ன உண்டு? பெரும்பாலும் காயலான் கடைதான். ஆனால் இந்த விமானங்களில் ஒன்றுக்கு வேறு தலையெழுத்து இருந்தது. 2017 ஏப்ரல் 8ந் தேதி அது அரக்கோணத்திலிருந்து கிளம்பி விசாகப்பட்டினத்தில் கடைசி முறையாக இறங்கியது. அங்கே பிரித்து எடுத்து, கடற்கரைச் சாலைக்குக் கொண்டுவந்து, மறுபடியும் பூட்டினார்கள். அதே ஆண்டு டிசம்பர் 7ந் தேதி ஜனாதிபதி ராம்நாத் கோவிந்த் அதைக் காட்சிசாலையாகத் திறந்து வைத்தார்.

53 மீட்டர் நீளம், 50 மீட்டர் இறக்கை அகலம். அதாவது நமது ரயில் பெட்டிகள் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினாலும் இந்த விமானத்தின் நீளத்துக்குச் சற்றுக் குறைவாகத்தான் இருக்கும். டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளேயே ஏறிப் பார்க்கலாம். எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம், குர்சுரா என்ற நீர்மூழ்கிக் கப்பல் நிற்கிறது. 1969ல் சேவைக்கு வந்து, 2001ல் ஓய்வு பெற்று, 2002 முதல் காட்சிசாலையாக இருப்பது அது. நீர்மூழ்கியும் நீர்மூழ்கியைத் தேடும் விமானமும் எதிரும் புதிருமாக நிற்பதை வேறெங்கும் எளிதில் காண முடியாது. தடா, சூளூர்ப்பேட்டைப் பக்கத்திலிருந்து போகிறவர்கள் கூடூர் சென்று விசாகப்பட்டினம் வண்டியைப் பிடிக்கலாம்.

பார்ப்பது ஒரு மணி, காப்பது பல ஆண்டு

வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு ஒரு மணி நேர வேலை. காப்பாற்றுகிறவர்களுக்கு அப்படியல்ல. விமானத்தின் உடல் அலுமினியக் கலவைத் தகட்டால் ஆனது. உப்புக் காற்று அந்தத் தகட்டை மெள்ள மெள்ள அரிக்கும். ஆணி அடித்த ஒவ்வொரு துளையிலும் ஈரம் புகும். வெயில் பட்டு ஜன்னல் கண்ணாடி மங்கும், ரப்பர் வெடிக்கும். இடுக்குகளில் பறவைகள் கூடு கட்டும். அவற்றின் எச்சம் வர்ணத்தைத் தின்னும். இறக்கை காற்றைத் தாங்குவதற்காகவே செய்யப்பட்டது என்பதால், புயல் வந்தால் அதுவே ஆபத்து; கட்டிப்போட வேண்டும். 2014 அக்டோபர் 12ந் தேதி ஹூட்ஹூட் புயல் தாக்கிய ஊர் விசாகப்பட்டினம் என்பதை மறந்துவிடக் கூடாது.

திருப்பதி கேரேஜ் ரிப்பேர் ஷாப்பை அறிந்தவர்களுக்கு இது புரியும். ரயில் பெட்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் துரு அதன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். குறித்த காலத்தில் பழுது பார்க்காத பெட்டி, ஒரு நாள் பழுது பார்க்க முடியாத பெட்டியாகிவிடுகிறது.

இதற்குப் பெரிய சாட்சி விக்ராந்த் கப்பல். 1971 போரில் வங்கக் கடலில் விமானங்களை ஏவிய நமது முதல் விமானந்தாங்கிக் கப்பல். 1997ல் ஓய்வு பெற்றது. மும்பையில் காட்சிசாலையாக வைக்கப்பட்டு, ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகள் ஏறிப் பார்த்தார்கள். பழுதுபார்ப்புச் செலவை நிரந்தரமாக ஏற்க ஆள் கிடைக்கவில்லை. பாதுகாப்பு இல்லை என்று 2012ல் மூடப்பட்டது. உடைக்கக் கூடாது என்று சிலர் நீதிமன்றப் படியேறினார்கள். 2014 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டும் அனுமதி கொடுத்துவிட்டது. அந்த ஆண்டு நவம்பரில் கப்பலை வெட்டத் தொடங்கினார்கள். கப்பல் மேல் அன்பு வைத்தவர்கள் நாட்டில் குறைவில்லை. ஆண்டுதோறும் பொறுப்பேற்று நடத்த ஒரு நிலையான ஏற்பாடுதான் அமையவில்லை.

சம்பளம் வாங்காத நிர்வாகிகள்

விசாகப்பட்டினத்தில் காட்சிசாலைகளை நகர வளர்ச்சி அமைப்பு கவனிக்கிறது. குர்சுராவில் ஓய்வு பெற்ற கடற்படையினரே வழிகாட்டிகளாக நின்று விளக்குகிறார்கள். பெரிய நகரம், அரசின் கை, டிக்கெட் வருமானம் எல்லாம் அங்கே உண்டு. சிற்றூரில் என்ன செய்வது?

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சிற்றூர்கள் பலவற்றில் விமானக் காட்சிசாலைகள் உள்ளன. அவற்றை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத நிர்வாகக் குழுவினர். ஓய்வு பெற்ற விமானப்படை மெக்கானிக், பள்ளி ஆசிரியர், கணக்கர், கடைக்காரர் என்று ஊர்க்காரர்களே உறுப்பினர்கள். இங்கிலாந்தில் நூவர்க் என்ற ஊருக்குப் பக்கத்தில் இப்படித் தொண்டர்களால் வளர்ந்த ஒரு காட்சிசாலை இருக்கிறது. வல்கன் என்ற பெரிய குண்டுவீச்சு விமானம் 1983ல் அங்கு வந்து இறங்கியது. கொட்டகைக்குள் அடங்காத அந்த விமானம் திறந்த வெளியில்தான் நிற்கிறது. அதைச் சுரண்டி வர்ணம் பூசுவது தொண்டர்களின் முடிவில்லாத வேலை.

இந்த நிர்வாகக் குழுவினருக்கு விமானம் ஓட்டத் தெரிய வேண்டியதில்லை. அவர்களுடைய வேலை வேறு. கூரை ஒழுகினால் பணம் தேடுவது, இன்ஷூரன்ஸ் கட்டுவது, ஆண்டுக் கணக்கைத் தணிக்கைக்குக் காட்டுவது, பள்ளிகளுக்குக் கடிதம் எழுதுவது, எந்தப் பொருள் தானமாக வந்தது, எது இரவலாக வந்தது என்று பதிவேடு எழுதுவது இவைதான். இரவல் பொருளைத் தானம் என்று எழுதிவிட்டால் பின்னால் வழக்கு வரும். இன்னொரு விமானம் தருகிறோம் என்று யாராவது சொன்னால், இடமும் பணமும் இல்லை என்று மறுப்பதும் அவர்களுடைய கடமை. அதுதான் கடினமான வேலை என்றால் மிகையாகாது.

நமது நாட்டு விமானம் ஒன்றே இத்தகைய உழைப்பால் மறுபிறவி எடுத்திருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பிரிட்டிஷ் படையினர் கான்பூரில் லிபரேட்டர் என்ற குண்டுவீச்சு விமானங்களை உடைத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையினர் அவற்றில் சுமார் 40 விமானங்களைச் சரிசெய்து மீண்டும் பறக்க வைத்தனர். 1968 வரை நமது விமானப்படையில் அவை சேவை செய்தன. அவற்றில் ஒன்றை 1980களில் வெளிநாட்டார் வாங்கி, அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்டோ என்ற சிற்றூரைச் சேர்ந்த ஓர் அறக்கட்டளையிடம் விற்றார்கள். தொழிலாளரும் தொண்டருமாக ஆயிரக்கணக்கான மணி நேரம் உழைத்து 1989ல் அதைப் பறக்கவே விட்டார்கள். பெங்களூர்த் தொழிலாளி ஒருமுறை பிழைக்க வைத்த விமானத்தை, வெளிநாட்டுத் தொண்டன் இரண்டாம் முறை பிழைக்க வைத்தான்.

நமக்குப் பழகிய வேலைதான்

இது வெள்ளைக்காரர்களுக்கே உரிய சாமர்த்தியம் என்று எண்ண வேண்டாம். பிழைப்புக்காக வெளிமாநிலம் வந்த தமிழர்கள் ஊருக்கு ஊர் தமிழ்ச் சங்கம் வைத்திருக்கிறார்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் யாருக்கும் சம்பளம் இல்லை. ஷிப்டு முடிந்து வந்து ரசீதுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறார்கள். பொங்கல் விழாவுக்குப் பந்தல் போடுகிறார்கள். கோயில் கட்டினால் 12 ஆண்டுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் செய்ய வேண்டும் என்று நமக்குத் தெரியும். கட்டுவதோடு கடமை முடியவில்லை, பாலாலயம் செய்து பழுது பார்த்து வர்ணம் பூசிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதைத்தான் அந்த வழக்கம் சொல்கிறது. விமானத்துக்கும் அதே கணக்குதான்.

சங்கங்களை அரிக்கும் துருவும் நாம் அறிந்ததே. ஒருவரே 20 ஆண்டு செயலாளராக இருப்பார். சாவியும் கணக்கும் அவரிடமே இருக்கும். அவர் மாற்றலாகிப் போனாலோ கண் மூடினாலோ சங்கமும் மூடிவிடும். இளைஞர்களைக் குழுவில் சேர்க்காமல், நாற்காலி தூக்க மட்டும் கூப்பிடுவோம். விமானக் காட்சிசாலைகளும் இந்த இடத்தில்தான் தடுமாறுகின்றன. தகட்டில் பிடித்த துருவைச் சுரண்டி எடுத்துவிடலாம். அடுத்த தலைமுறையில் ஆள் இல்லாத குறைக்கு மருந்து இல்லை.

நம் நாட்டில் பல ஊர்களில் ஓய்வு பெற்ற விமானங்கள் கல்லூரி வாசலிலும் சாலைச் சந்திப்பிலும் சிமெண்ட் தூணின் மேல் நிற்கின்றன. வைத்த அன்று மாலையும் மேளமும் உண்டு. பிறகு அதன் வர்ணம் உதிர்வதைக் கேட்க நாதியில்லை. 2025 செப்டம்பர் 26ந் தேதி மிக்.21 விமானங்களுக்கும் ஓய்வு கொடுக்கப்பட்டது. அவற்றில் சில இனி எந்தெந்த ஊருக்கோ வரக்கூடும். வாங்கி வைக்கும் ஊர், வாங்குமுன் ஒரு குழுவை அமைக்க வேண்டும். கணக்குத் தெரிந்த ஒருவர், படையில் வேலை செய்த ஒருவர், பள்ளிக்கூடத்துக்காரர் ஒருவர், தொழில் தெரிந்த இளைஞர்கள் நால்வர் போதும் தொடங்குவதற்கு.

ஸ்ரீ சிட்டியில் இன்று மெட்ரோ ரயில் பெட்டியும் பிக்கப் வண்டியும் செய்கிறார்கள். வெல்டிங், பெயிண்டிங், பிட்டிங் தெரிந்த கைகள் தடாவிலும் சத்தியவேட்டிலும் வாடகை அறைகளில் நிறைய இருக்கின்றன. ஒரு பக்கம் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் தளம், இன்னொரு பக்கம் அரக்கோணம். வானத்தைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு இப்பகுதியில் குறைவில்லை. ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு மணி நேரம் கொடுக்க மனம் வந்தால், எந்தப் பழைய இயந்திரமும் இங்கே அநாதையாக நிற்க வேண்டியதில்லை.

அடுத்த முறை விசாகப்பட்டினம் போகும்போது அந்த விமானத்தைப் பாருங்கள். பார்த்து முடித்ததும், படிக்கட்டுக்குப் பக்கத்தில் துடைத்துக்கொண்டு நிற்பவரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள். 25 ஆண்டுகள் அரக்கோணத்து வானத்தில் உறுமிய அந்தப் பெரிய உருவம், இப்போது அவரைப் போன்றவர்களை நம்பித்தான் நிற்கிறது.