கடலை ஓடும் தோல் கழிவும்

தோல் தொழிலினால் தேசத்திற்கு அந்நிய நாட்டுப் பணம் வருகிறதென்பது மெய்யே. அதற்குப் பாலாற்றங்கரை விவசாயி கொடுத்த விலையை 1996-ஆம் வருஷம் ஆகஸ்டு 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட் தனது தீர்ப்பிலே எழுதி வைத்திருக்கிறது: ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் முழுமையாகவோ ஓரளவோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்று. ஆவாரம் பட்டையால் தோல் பதனிட்டுவந்த நாட்டிலே குரோமிய உப்பும் புகுந்தது.

அந்தக் குரோமியத்தைப் பிடிக்கும் பொருள் நம் புதுக்கோட்டை ஜில்லாவின் குப்பையிலே கிடக்கிறது. கடலை ஓடும், நெல் உமியும், தேங்காய் நார்த்தூளும் அதை நீரினின்று பற்றிக்கொள்வதை ரசாயன சாஸ்திரிகள் சோதனைச்சாலைகளில் கண்டிருக்கிறார்கள். குப்பைக்கு விலை வருமென்றால் விவசாயி வேண்டாமென்பானா?

ஆனால், பச்சைத்தோல் அழுகாதிருக்க இடும் சோற்றுப்பு நீரிலே கரைந்து நிற்பது. ஓடும் உமியும் அதை நீக்குவதில்லை. நிலத்தை மலடாக்குவதோ பெரிதும் அவ்வுப்பே! இன்னொன்று: குரோமியத்தை உண்ட ஓடு தானும் நஞ்சாகிறது. அதை அடுப்பிலும் இடலாகாது, வயலிலும் கொட்டலாகாது. காவலோடு அகற்றும் செலவு யாருடையது? அசுத்தம் செய்தவனே அதன் செலவையும் ஏற்கவேண்டுமென்று மேற்படி தீர்ப்பே கூறுகிறது. ஆகையால் ஓடு விற்கும் நம் விவசாயிகள், கழிந்த ஓட்டை எங்கே, யார் பொறுப்பில் சேர்ப்பதென்பதையும் உடன்படிக்கையில் எழுதி வாங்கிக்கொள்வார்களாக.