கிண்ணம் நிறைய உமி

பனமரத்துப்பட்டிப் பக்கம் அரளித் தோட்டத்துக்குக் குறைவில்லை. அதனால் இங்கே பறவை வளர்க்க நினைப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, கூண்டுக்குள் உட்கார வைக்கும் குச்சியை அரளியிலிருந்து ஒடித்துவிடாதீர்கள் என்பதுதான். இலை, பட்டை, பூ எல்லாமே இதயத்தைத் தாக்கும் விஷம். பறவையோ அலகுக்கு எட்டியதையெல்லாம் கொறித்துப் பார்க்கும். கொய்யாக் குச்சி போதும்.

எங்கள் வாசலில் லவ் பேர்ட்ஸ், புறா, கின்னிக்கோழி மூன்றும் உண்டு. பச்சைக்கிளி கிடையாது. நம் நாட்டுக் கிளிகளைக் கூண்டில் அடைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

லவ் பேர்ட்ஸ் என்று நாம் வாங்கி வருவது பெரும்பாலும் பட்ஜிதான். அதன் தாய்நாடு ஆஸ்திரேலியா. உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்கக் கிளி. பட்ஜி தினையை அலகில் உருட்டி உரித்து, உமியைக் கிண்ணத்திலேயே உதிர்த்துவிடும். வளர்க்கத் தொடங்கிய புதிதில், கிண்ணம் நிறைந்துதானே இருக்கிறது என்று ஒரு பகல் முழுக்கத் தீனி போடாமல் இருந்துவிட்டேன். சாயங்காலம் ஊதிப் பார்த்தால் அத்தனையும் உமி. அன்று பட்ட வேதனையில், இன்றும் காலையில் முதல் வேலை கிண்ணத்தை ஊதுவதுதான்.

கூண்டில் கண்ணாடி மாட்டினால் சில ஆண் பட்ஜிகள் அதன் முன் தலையை ஆட்டி ஆட்டித் தின்றதைக் கக்கும். நோய் என்று பதறிவிடுவோம். அது ஜோடிக்கு இரை ஊட்டும் முறை. தன் நிழலையே பெட்டை என்று நினைத்துக்கொள்கிறது. பாவம், கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள்.

புறா தண்ணீர் குடிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கோழி ஒரு வாய் மொண்டு, தலையைத் தூக்கி விழுங்கும். புறா அலகை முக்கியபடியே உறிஞ்சும். அதைவிட அதிசயம் அதன் பால். குஞ்சு பொரிக்கும் சமயத்தில் தாயின் தீனிப்பைச் சுவர் தடித்து, கொழுப்பும் புரதமும் நிறைந்த தயிர்க்கட்டி போன்ற ஒன்றைச் சுரக்கிறது. தாய்க்கு மட்டுமில்லை, தகப்பனுக்கும் சுரக்கும். அதைத் தூண்டுவது புரோலாக்டின். நம் தாய்மாருக்குப் பால் சுரக்க வைக்கும் அதே ஹார்மோன். முதல் சில நாட்களுக்குக் குஞ்சுக்கு வேறு தீனியே இல்லை. தாய் தகப்பன் இல்லாத புறாக்குஞ்சைக் கையால் வளர்ப்பது ஏன் இத்தனை கஷ்டம் என்பது எனக்கு இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் புரிந்தது.

கின்னிக்கோழி, புது ஆள் வந்தாலும் பாம்பு வந்தாலும் ஊரைக் கூட்டிவிடும். ஆணும் பெட்டையும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். இரண்டு அசையாக விட்டு விட்டுக் கத்தினால் பெட்டை. ஆணுக்கு அந்தக் குரல் வராது.

பொழுது சாய்ந்ததும் அவை புளியமரம் ஏறிவிடும். பட்ஜிக் கூண்டின் மேல் துணியைப் போர்த்திவிட்டுக் காதைக் கொடுத்தால், உள்ளே மெல்ல நறநறவென்று கேட்கும். ஒற்றைக் காலை இறகுக்குள் இழுத்துக்கொண்டு, கீழ் அலகை மேல் அலகோடு அரைத்தபடி தூங்கப் போகிறது பட்ஜி.