இரு வாயில் உடைய கணினி

ஒரு வீட்டிற்கு வாயில் இரண்டாயின் வசதியும் இரட்டிக்கும் என்பது பொது எண்ணம். கணினியினிடத்து இவ்வெண்ணம் எப்பொழுதும் பொருந்துவதன்று. 1991-ஆம் ஆண்டில் லைனஸ் டோர்வால்ட்ஸ் என்னும் பின்லாந்து நாட்டு மாணவர் தொடங்கிய லினக்ஸ், இன்று எண்ணிறந்த கணினிகளை இயக்கி வருகின்றது. அத்தகைய கணினியொன்றில் வலை இடைமுகங்கள் இரண்டு அமையுங்கால் நேரும் ஓர் இடர்ப்பாட்டையும், அதனை நீக்கும் முறையையும் ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

கல்லூரி நூல்நிலையக் கணினியொன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதன் முதல் இடைமுகத்தின் முகவரி 192.168.1.10, இது 192.168.1.1 என்னும் ரூட்டர் வழியே இணையத்தை அடைகின்றது. இரண்டாவதன் முகவரி 10.20.0.10, இது கல்லூரியின் உள்வலையைச் சேர்ந்தது, இதன் ரூட்டர் 10.20.0.1. நூற்பட்டியலை நாடி இவ்விரண்டாம் முகவரிக்கு வருவோருள், நூல்நிலையத்துள்ளேயே அமர்ந்து 10.20.0 எனத் தொடங்கும் முகவரியால் வினவுவோர்க்கு உடனே விடை கிடைக்கின்றது. விடுதியிலிருந்து 10.20.5.7 என்னும் முகவரியால் வினவும் மாணவர்க்கோ யாதும் கிட்டுவதில்லை. கம்பியை மாற்றுகின்றனர், கணினியை நிறுத்தி மீண்டும் இயக்குகின்றனர். பயன் இல்லை. காரணம் யாது?

லினக்ஸ் ஒரு பொதியை விடுக்குமுன், அது சேரவேண்டிய இடத்தையே சாதாரணமாய் நோக்கும். வினா எவ்வாயிலால் வந்தது என்பதைக் கருதுவதில்லை. வழிப்பட்டியலில் சேருமிட முகவரியோடு மிகுதியும் பொருந்தும் வழியைத் தேர்ந்துகொள்ளும்; ஒன்றும் பொருந்தாவிடின் 'டிபால்ட் ரூட்' என்னும் பொதுவழியே கதி. பொதுவழி இரண்டிருப்பின், மெட்ரிக் என்னும் எண் குறைந்ததே முந்தும். நம் கணினியின் பொதுவழி முதல் வாயிலில் உள்ளது. 10.20.0 பகுதி நேர்வழியாய்ப் பட்டியலில் உண்டு, 10.20.5 பகுதி இல்லை. ஆதலின் விடுதிக்குரிய விடை இணையத்தை நோக்கி வெளியேறி வழிதவறுகின்றது.

நிற்க. சிலவிடத்து வினாவே உள்ளே நுழைவதில்லை. 'ஆர்பி ஃபில்டர்' என்னும் காவலன், "இவ்வனுப்புநர்க்கு விடை விடுப்பின் அஃது இதே வாயிலாற் செல்லுமோ?" என்று ஆராய்ந்து, செல்லாதெனின் பொதியை ஓசையின்றி விலக்குவான். இவன் மதிப்பு 1 ஆயின் இக்கண்டிப்பு உண்டு. 2 ஆயின் எவ்வாயிலாலேனும் அனுப்புநர்க்கு வழியிருந்தாற் போதும். 0 ஆயின் காவலே இல்லை. பொய்முகவரி தாங்கி வரும் பொதிகளைத் தடுத்தற்கே இவன் நிறுத்தப்பட்டான். ஆகவே, காரணம் அறியாது இவனை அகற்றுவது, நோய் இருக்கக் காவலை ஒழித்ததாய் முடியும். கதவு திறந்தாலும் விடை பழைய தவறான வழியிலேயே செல்லும்.

ஆதலின் முதலிற் கணினியையே வினவுக. 'ஐபி ரூட் கெட் 10.20.5.7 ஃப்ரம் 10.20.0.10' என்னும் கட்டளை, அவ்விடை எவ்வாயிலாற் செல்லும் என்பதைச் சொல்லிவிடும். 'டிசிபி டம்ப்' என்னும் கருவியை இரு வாயிலிலும் இயக்கின், வினா வருவதும் விடை போவதும் கண்கூடாம். வினா வந்தும் எவ்வாயிலினும் விடை எழாவிடின், ஆர்பி ஃபில்டரையும் காவற்சுவரையும் ஐயுறுக.

மருந்து இரண்டு. வருவோர் அனைவரும் உள்வலையினரே எனின், 10.20.0.0/16 என்னும் பகுதி முழுமைக்கும் 10.20.0.1 வழியென்று ஒரு வரி சேர்த்தல் போதும். வருவோர் எங்கிருந்தும் வரக்கூடுமாயின், 100 என்றோர் எண்ணிட்டுத் தனிப்பட்டியல் அமைத்து, அதில் 10.20.0.0/24 என்னும் நேர்வழியையும் 10.20.0.1 என்னும் பொதுவழியையும் எழுதுக. பின்னர், 'ஐபி ரூல்' என்னும் கட்டளையால், 10.20.0.10 என்னும் முகவரியினின்று புறப்படுவன அப்பட்டியலையே நோக்குக என விதி செய்க. இதனால் விடை வந்த வழியே மீளும். காவலனும் தன் கண்டிப்பிலேயே நிற்கலாம். கட்டளையால் இட்டவை கணினியை மறுமுறை இயக்குங்கால் மறையுமாதலின், அவற்றை அமைப்புக் கோப்பிலும் எழுதிவைத்தல் வேண்டும்.

அருகிலுள்ளார்க்கு விடையளித்துத் தொலைவிலுள்ளார்க்கு வாய் திறவாத கணினியைக் காணின், அது பழுதுற்றது எனத் துணியற்க. வந்தவர்க்குத் திரும்பும் வழி எழுதப்பட்டுளதோ என்பதை முன்னர் நோக்குக.