ஒரு கமென்ட், எட்டு மொழிகள்: பைண்டிங் கருவியின் வரவு செலவு

ஜிடிகே 4 கொண்டு எழுதிய ஒரு சாதாரண நிரல் திரையில் ஒரு ஜன்னலைத் திறக்கிறது என்றால், அதற்குப் பின்னால் குறைந்தது 9 ஏபிஐ தொகுதிகள் வேலை செய்கின்றன. ஜிலிப், ஜிஆப்ஜெக்ட், ஜியோ, பாங்கோ, கிராஃபீன் என்று 5. படக் கோப்புகளைக் கையாள, திரையோடு பேச, வரைந்து காட்ட என்று 3. மேலே ஜிடிகே. ஒன்பதும் சி மொழியில் எழுதப்பட்டவை. ஆனால் இவற்றைப் பயன்படுத்துகிறவர்கள் சி-யில் மட்டும் எழுதுவதில்லை. பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், ரஸ்ட், வாலா, லுவா, பெர்ல், ரூபி, ஹாஸ்கெல் என்று 8 மொழிக்காரர்களுக்கும் இவை வேண்டும்.

ஒவ்வொரு மொழிக்கும் ஒவ்வொரு தொகுதிக்கும் இணைப்பு நிரலைக் கையால் எழுதினால் 9 × 8 = 72 பைண்டிங்குகள். பத்தாவதாக ஒரு தொகுதி வந்தால் வேலை எட்டு கூடும். நடுவில் ஒரு பொது விவரக் கோப்பை வைத்து, சி பக்கம் அதை எழுதித் தந்து, மொழிப் பக்கம் அதைப் படித்துக்கொண்டால் 9 + 8 = 17 வேலைகளோடு முடிகிறது. பத்தாவது தொகுதிக்குக் கூடுதல் வேலை ஒன்றே ஒன்று. குனோம் திட்டத்தின் ஜிஆப்ஜெக்ட் இன்ட்ரோஸ்பெக்‌ஷன் என்ற கருவி இருப்பது இந்த 55 வேலைகளை மிச்சப்படுத்தத்தான்.

பழைய முறை எப்படி முடிந்தது என்பதற்குப் பைஜிடிகே சாட்சி. ஜிடிகே 2-க்கான அந்தப் பைத்தான் பைண்டிங்கில் ஃபங்ஷன்களின் விவரங்கள் தனிக் கோப்புகளில் இருந்தன. தானாக வராதவற்றுக்கு மனிதர்கள் சி நிரலைக் கையால் எழுதிச் சேர்த்தார்கள். ஜிடிகே 3.0 வெளியானது 2011 பிப்ரவரியில். அதே ஆண்டு ஏப்ரலில் வந்த பைஜிடிகே 2.24-தான் அதன் கடைசிப் பதிப்பு. அடுத்த தலைமுறைக்காக எல்லாவற்றையும் இன்னொரு முறை கையால் எழுதுவதை விட்டுவிட்டு, இன்ட்ரோஸ்பெக்‌ஷன் வழியில் இயங்கும் பைஜிஆப்ஜெக்டுக்கு மாறினார்கள். அதே 2011 ஏப்ரலில் வந்த குனோம் 3.0-இன் டெஸ்க்டாப் ஷெல், சி லைப்ரரிகளை ஜாவாஸ்கிரிப்டிலிருந்து அழைக்க இதே கருவியைத்தான் நம்பியது.

இதுவரை சொன்னது வரவு. செலவுப் பக்கத்தை அதிகம் பேர் புரட்டுவதில்லை.

கையால் எழுத வேண்டியது

கருவியின் முதல் பாதி ஸ்கேனர். அது சி ஹெடர் கோப்புகளையும், மூலநிரலில் ஃபங்ஷனுக்கு மேலே எழுதியிருக்கும் கமென்டுகளையும் படித்து ஓர் எக்ஸ்எம்எல் கோப்பை எழுதும். இன்னொரு கருவி அதைச் சிறிய பைனரிக் கோப்பாக மாற்றும். பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், லுவா, பெர்ல், ரூபி ஆகிய 5 மொழிகளும் நிரல் ஓடும்போதே அந்த பைனரியைப் படிக்கின்றன. ரஸ்ட், வாலா, ஹாஸ்கெல் மூன்றும் முன்கூட்டியே எக்ஸ்எம்எல்லைப் படித்துத் தங்கள் மொழியில் நிரலை உருவாக்கிக்கொள்கின்றன. இணையத்தில் நாம் படிக்கும் ஆவணமும் அதே எக்ஸ்எம்எல்லிலிருந்துதான் வருகிறது. ஆக, ஒரு கமென்ட் 8 மொழிகளுக்கும் 1 ஆவணத்துக்கும் போகிறது. அது தவறாக இருந்தால் தவறும் 9 இடங்களுக்குப் போகிறது.

கமென்டை ஏன் மனிதர் எழுத வேண்டும்? சி மொழியின் அறிவிப்பு பாதி விஷயத்தைச் சொல்வதே இல்லை. ஜிலிப்பில் ஒரு கோப்பை முழுவதுமாகப் படிக்கும் ஜி_ஃபைல்_கெட்_கன்டென்ட்ஸ் என்ற ஃபங்ஷனை எடுத்துக்கொள்வோம். சி-யில் அதற்கு 4 அளவுருக்கள்: கோப்பின் பெயர், உள்ளடக்கத்தை வைக்க ஓர் இடம், நீளத்தை வைக்க ஓர் இடம், பிழையை வைக்க ஓர் இடம். உள்ளடக்கத்துக்கான இடம் ‘சார்’ என்ற வகைக்கு இரண்டு நட்சத்திரம் போட்டு அறிவிக்கப்பட்டிருக்கும். அந்த இரண்டு நட்சத்திரத்துக்கு எத்தனை பொருள்? ஃபங்ஷன் திருப்பித் தரும் ஒரு சரமாக இருக்கலாம்; அதை அழைத்தவர் விடுவிக்க வேண்டியிருக்கலாம், வேண்டாமலும் இருக்கலாம். அதுவே 2. நாம் உள்ளே கொடுக்கும் சரங்களின் பட்டியலாக இருக்கலாம். அதில் உரிமை கைமாறாதது, பட்டியல் மட்டும் கைமாறுவது, உள்ளே இருக்கும் சரங்களும் சேர்ந்து கைமாறுவது என்று 3. ஆகக் குறைந்தது 5 பொருள். எது சரி என்று எந்தக் கம்பைலராலும் சொல்ல முடியாது.

இந்த ஃபங்ஷனின் கமென்டில் முக்கியமான குறிப்புகள் 4. முதல் அளவுரு கோப்புப் பெயர். இரண்டாவது வெளியே வருவது. அது ஒரு வரிசை, அதன் நீளம் மூன்றாவது அளவுருவில் இருக்கிறது. அந்த வரிசையின் உறுப்புகள் பைட்டுகள். இந்த நான்கும் இருப்பதால் பைத்தான்காரர் 1 மதிப்பைக் கொடுத்து 2 மதிப்புகளைப் பெறுகிறார். நீளம் தனியாக வருவதில்லை, பிழை வந்தால் எக்ஸெப்ஷனாக எழுகிறது. நீளத்தையும் உறுப்பு வகையையும் விட்டுவிட்டு ‘வெளியே வருவது’ என்று மட்டும் எழுதியிருந்தால், பைண்டிங் அதைச் சி சரமாக எண்ணி, முதல் பூஜ்ய பைட்டோடு நின்றுவிடும். எல்லாப் பிஎன்ஜி படக் கோப்புகளிலும் 9-ஆவது பைட் பூஜ்யம். படம் 5 எம்பி இருந்தாலும் கண்ணுக்குத் தெரிவது 8 பைட்.

உரிமைக் குறிப்பில் பிழை என்றால் செலவு வேறு விதம். ஒரு ஃபங்ஷன் 100 பைட் சரத்தைப் புதிதாக உருவாக்கித் தருகிறது, அழைத்தவர்தான் விடுவிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். குறிப்பில் ‘உரிமை மாறவில்லை’ என்று தவறாக எழுதிவிட்டால் பைண்டிங் அதை விடுவிக்காது. திரை புதுப்பிக்கும் வேகத்தில், அதாவது நொடிக்கு 60 முறை அதை அழைத்தால், நொடிக்கு 6,000 பைட் போகிறது. மணிக்கு 2 கோடியே 16 லட்சம் பைட். இரவு பகலாக ஓடும் நிரலில் ஒரு நாளைக்கு 518 எம்பிக்கு மேல். இதற்கு நேர்மாறான பிழை இன்னும் மோசம். லைப்ரரிக்குச் சொந்தமான நினைவகத்தைப் பைண்டிங் விடுவித்துவிட்டால் நிரல் விழ ஒரே ஓர் அழைப்பு போதும். ஒரே ஒரு சொல்லின் பிழைக்கு விலை இவ்வளவு.

ஆவணத்தின் கணக்கில் தமிழுக்கு நேரடியாக ஒரு பங்கு இருக்கிறது. ஜிடிகேயில் ஓர் எழுத்துப்பெட்டிக்குள் உரையைச் செருகும் ஃபங்ஷனுக்கும் 4 அளவுருக்கள்: பெட்டி, உரை, நீளம், இடம். நீளம் பைட்டில் எண்ணப்படுகிறது. இடம் எழுத்துக்குறிகளில் எண்ணப்படுகிறது. ‘ஹலோ’ என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் 5 எழுத்து, 5 பைட். இரண்டையும் மாற்றிப் போட்டாலும் எந்தச் சோதனையிலும் தெரியாது. ‘தமிழ்’ என்பது யுனிகோடில் 5 குறிகள்: த, ம, இகர விலங்கு, ழ, புள்ளி. யுடிஎஃப்-8-இல் ஒவ்வொன்றும் 3 பைட், மொத்தம் 15. நீளம் 5 என்று கொடுத்தால் ‘த’ முழுசாக வரும், ‘ம’-வின் மூன்று பைட்டில் இரண்டு வரும், அங்கேயே வெட்டுப்படும். மிச்சம் இருப்பது செல்லுபடியாகாத உரை. ஆவணத்தில் ‘பைட்டில்’ என்ற ஒரு சொல் விடுபட்டால் அதை முதலில் அனுபவிப்பவர் தமிழில் தட்டச்சு செய்கிறவர்தான். பைத்தான் பைண்டிங்கைப் பராமரிப்பவர்கள் இங்கே இரண்டு வரியில் ஒரு மாற்று ஃபங்ஷனைக் கையால் சேர்த்து, நீளத்தை மறைத்து, உரையையும் இடத்தையும் மட்டும் கேட்கிறார்கள். அந்த இரண்டு வரியையும் யாரோ ஒருவர் எழுதி, ஒவ்வொரு பதிப்பிலும் காத்துவருகிறார் என்பதை நாம் மறக்கக் கூடாது.

அசையாமல் நிற்கவும் செலவு

குறிப்புகள் எல்லாம் சரியாக இருந்தாலும் கருவி தானாக ஓடிக்கொண்டிருக்காது. அதைச் சுற்றியுள்ள எல்லாம் நகர்கின்றன.

ஸ்கேனர் பெரும்பாலும் பைத்தானில் எழுதப்பட்டது. உள்ளே சி-யைப் படிக்கும் ஒரு பகுதி சி-யிலேயே இருக்கிறது. கம்பைலரை அழைக்க அது பைத்தானோடு வந்த டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற தொகுப்பை நம்பியிருந்தது. 2021 அக்டோபரில் வந்த பைத்தான் 3.10, இனி இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவித்தது. 2023 அக்டோபரில் வந்த 3.12 அதை நீக்கியே விட்டது. இரண்டு ஆண்டு அவகாசம். இந்த மாற்றத்தால் இன்ட்ரோஸ்பெக்‌ஷனுக்கு ஒரு புது வசதியும் கிடைக்கவில்லை. நேற்றுவரை ஓடியது இன்றும் ஓட வேண்டும் என்பதற்காக மட்டும் செய்த வேலை அது. பராமரிப்புச் செலவில் பெரும்பகுதி இந்த ரகம்தான், வெளியீட்டுக் குறிப்பில் இதற்கு ஒரு வரி கிடைத்தாலே அதிகம்.

இன்னொரு நிரந்தரச் செலவு கருவியின் வடிவத்திலேயே இருக்கிறது. ஒரு வகுப்புக்கு என்னென்ன ப்ராப்பர்ட்டிகள், என்னென்ன சிக்னல்கள் என்பது நிரல் ஓடும்போதுதான் பதிவாகிறது. அதனால் ஸ்கேனர் ஒரு சிறு சி நிரலை எழுதி, கம்பைல் செய்து, லைப்ரரியோடு இணைத்து, ஓட்டிப் பார்க்கிறது. இன்டெல் கணினியில் உட்கார்ந்து ஏஆர்எம் பலகைக்காகக் கட்டமைக்கிறவருக்கு அந்த நிரல் அங்கே ஓடாது. யாக்டோ திட்டத்தில் இதற்காகவே கியூஎமு என்ற எமுலேட்டரை நடுவில் வைக்கிறார்கள். ஒரு விவரக் கோப்புக்காக ஒரு செயலியையே போலியாக இயக்க வேண்டியிருக்கிறது.

ஜிலிப்போடு உள்ள கொடுக்கல் வாங்கல் தனிக் கதை. பல ஆண்டுகள் ஜிலிப்பின் கமென்டுகளை நகலெடுத்து இன்ட்ரோஸ்பெக்‌ஷன் களஞ்சியத்திலேயே வைத்திருந்தார்கள். ஜிலிப் 2.30 வந்தது 2011 செப்டம்பரில், 2.78 வந்தது 2023 செப்டம்பரில். இரட்டைப்படை எண்கள்தான் நிலையான பதிப்புகள் என்பதால், 12 ஆண்டில் 25 பதிப்புகள். அங்கே ஒரு கமென்ட் மாறினால் இங்கே நகலும் மாற வேண்டும். 2024 மார்ச்சில் வந்த ஜிலிப் 2.80 இதை முடித்துவைத்தது: விவரக் கோப்பைப் படிக்கும் லைப்ரரி ஜிலிப்புக்குள்ளேயே வந்தது, ஜிலிப் தன் விவரக் கோப்புகளைத் தானே உருவாக்கத் தொடங்கியது. சரியான முடிவு என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் அதன் விலையை வேறு ஆட்கள் கொடுத்தார்கள். ஜிலிப்பின் விவரக் கோப்புக்கு ஸ்கேனர் வேண்டும், ஸ்கேனருக்கு ஜிலிப் வேண்டும். லினக்ஸ் விநியோகங்களைத் தொகுக்கிறவர்கள் முன்பு ஜிலிப், பிறகு இன்ட்ரோஸ்பெக்‌ஷன் என்று 2 படிகளில் முடித்தார்கள். இப்போது விவரக் கோப்பு இல்லாமல் ஜிலிப், பிறகு இன்ட்ரோஸ்பெக்‌ஷன், பிறகு விவரக் கோப்போடு மீண்டும் ஜிலிப் என்று 3 படிகள். போதாததற்கு விவரக் கோப்பைப் படிக்கும் அந்த லைப்ரரியின் பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் ஒரே ப்ராசஸில் ஏற்ற முடியாது. பைண்டிங்கும் அதைச் சார்ந்த எல்லாமும் சேர்ந்தே மாற வேண்டும்.

ஆவணப் பக்கம் மட்டும் செலவு தெளிவாகக் குறைந்திருக்கிறது. பழைய ஜிடிகே-டாக் முறையில் 5 கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். அது சி ஹெடரைத் தனியாகப் படிக்கும். எந்த ஃபங்ஷன் எந்தப் பக்கத்தில் வரும் என்ற பட்டியலை ஒருவர் கையால் வைத்திருக்க வேண்டும். அதாவது ஒரே மூலநிரலை இரண்டு வெவ்வேறு ஸ்கேனர்கள் இரண்டு விதமாகப் புரிந்துகொண்டன. 2021-இல் வந்த ஜிஐ-டாக்ஜென், பைண்டிங்குக்காக உருவான அதே எக்ஸ்எம்எல்லைப் படித்து நேரடியாக ஹெச்டிஎம்எல் எழுதுகிறது. ஸ்கேனர் இரண்டிலிருந்து ஒன்றானது. இதைவிடப் பெரிய லாபம், ஆவணத்தில் தெரிவதும் பைண்டிங்குக்குக் கிடைப்பதும் ஒன்றே என்ற உறுதி.

திருத்துவதற்கும் விலை உண்டு. ஒரு ஃபங்ஷன் சில நேரம் வெறுமையைத் திருப்பித் தரலாம் என்ற குறிப்பு விடுபட்டிருக்கிறது, பிறகு சேர்க்கிறோம். சி-யில் எதுவும் மாறாது. பைத்தானிலும் நிரல் அப்படியே ஓடும். ரஸ்டில் திரும்பும் வகையே மாறிவிடும். அதை அழைத்த நிரல்கள் கம்பைல் ஆகாது. அதனால் உண்மையைச் சொல்லும் ஒரு திருத்தத்துக்குக்கூட நேரம் பார்க்க வேண்டியிருக்கிறது.

யாரும் செலவு செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதே துறையின் மூத்த கருவியான ஸ்விக் பாடம். 1995-இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் டேவிட் பீஸ்லி தொடங்கி, 1996-இல் பொதுவில் வெளியிட்ட கருவி அது. 2019 ஏப்ரலில் வந்த ஸ்விக் 4.0 பைத்தானுக்கும் ஜாவாவுக்கும் சி கமென்டுகளிலிருந்தே ஆவணம் எழுதக் கற்றுக்கொண்டது. அதே பதிப்பில் சிக்கன், மாடுலா-3, சிலிஸ்ப் போன்ற மொழிகளுக்கான ஆதரவு நிறுத்தப்பட்டது. அந்தப் பகுதிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் போய்விட்டது.

இந்தக் கணக்கில் வரவு 8 மொழிக்காரர்களுக்கும், செலவு சி பக்கம் உட்கார்ந்திருக்கும் சிலருக்கும் போகிறது. இதை மாற்றப் பணம் மட்டும்தான் வழி என்றில்லை. பைத்தானிலோ ரஸ்டிலோ எழுதும்போது ஒரு ஃபங்ஷன் விசித்திரமாக நடந்தால், உங்கள் நிரலில் ஒட்டுப்போட்டுவிட்டு நகராதீர்கள். மூலநிரலில் அந்த ஃபங்ஷனின் கமென்டைத் திறந்து பாருங்கள். குறிப்பு தவறு என்றால் அங்கேயே திருத்தி அனுப்புங்கள். சி லைப்ரரி எழுதுகிறவராக இருந்தால் ஸ்கேனரின் எல்லா எச்சரிக்கைகளையும் பிழையாகக் கருதும்படி கட்டமைப்பை வையுங்கள். சோதனைகளில் ‘ஹலோ’-வோடு ‘தமிழ்’ என்ற சொல்லையும் ஒரு முறை செருகிப் பாருங்கள்.