சேவையகம் எழுதும் பதிவேடு

பாடசாலை வாயிலில் காவலாளியிடம் ஒரு கொப்பி இருக்கும். யார் வந்தார், எத்தனை மணிக்கு வந்தார், யாரைச் சந்திக்க வந்தார் என்பதெல்லாம் அதில் எழுதப்படும். இணையத்தளம் ஒன்றைத் தாங்கி நிற்கும் சேவையகக் கணினியும் இப்படியொரு கொப்பியை எழுதுகிறது. அதுவே லொக் கோப்பு. தளமொன்று முடங்கியதும் "யாரோ ஹெக் பண்ணிவிட்டார்கள்" என்ற பேச்சுத்தான் முதலில் எழும். நான் முதலில் திறப்பது இந்தக் கோப்பைத்தான்.

இதனை எங்கே தேடுவது? வாடகைச் சேவையகத்தில் இயங்கும் தளமாயின், பெரும்பாலும் சீபேனல் என்ற கட்டுப்பாட்டுப் பக்கம் தரப்பட்டிருக்கும். அங்கே 'மெட்ரிக்ஸ்' பகுதியிலுள்ள 'ரோ அக்சஸ்' மூலம் வருகைப் பதிவை இறக்கிக்கொள்ளலாம். 'எரர்ஸ்' என்பதில் அண்மைய பிழைகள் தெரியும். பழைய பதிவுகள் நெடுநாள் வைக்கப்படுவதில்லை. ஆகவே சிக்கல் தெரியவந்த அன்றே பிரதி எடுத்துவிடுவது நல்லது.

வருகைப் பதிவில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு வரி உண்டு. வந்தவரின் ஐபி முகவரி, நேரம், கேட்ட பக்கம், சேவையகம் அளித்த பதிலின் இலக்கம் ஆகியன அதில் வரிசையாக இருக்கும். 200 என்றால் பக்கம் சரியாகக் கிடைத்தது. 403 என்றால் அனுமதி இல்லை. 404 என்றால் அப்படியொரு பக்கமே இல்லை. 500 என்றால் சேவையகத்தின் உள்ளேயே கோளாறு. 500 தொடர்ந்து வருமாயின் அதே நேரத்துக்குரிய பிழைப் பதிவைப் பார்க்க வேண்டும். எந்தக் கோப்பில், எத்தனையாம் வரியில் தவறு என்பது பெரும்பாலும் அங்கே இருக்கும். ஒரே முகவரியிலிருந்து உள்நுழைவுப் பக்கத்துக்கு நிமிடத்தில் பற்பல கோரிக்கைகள் வந்திருந்தால், கடவுச்சொல்லை ஊகிக்க முயலும் தானியங்கி நிரல் என்று சந்தேகிக்கலாம்.

இரண்டு இடங்களில் நிதானம் தேவை. முதலாவது நேரம். பல சேவையகங்கள் உலகப் பொது நேரத்திலேயே எழுதுகின்றன. வரியில் +0000 என்றிருந்தால் ஐந்தரை மணித்தியாலங்களைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அங்கே 20:40 என்பது இலங்கையில் மறுநாள் அதிகாலை 2.10.

இரண்டாவது முகவரி. ஒரு வீட்டின் வைபை இணைப்பில் எல்லோருக்கும் வெளியே தெரிவது பொதுவாக ஒரே முகவரிதான். கையடக்கத் தொலைபேசி இணைப்பிலோ, முன்பின் அறியாத பலர் ஒரே முகவரியைப் பகிர்வதுண்டு. அதை மட்டும் வைத்து ஒரு மாணவியின் பெயரைச் சொல்லிவிட்டால், பின்னர் உண்மை தெரிந்தாலும் அந்தப் பழியைத் துடைப்பது கடினம். வந்த செய்தியை விசாரித்துத் தெளியாமல், அறியாமையால் பிறருக்குத் தீங்கிழைத்துவிடக் கூடாது என்பதே சூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் நமக்குத் தரும் பாடம். லொக் கோப்பை வாசிப்பவருக்கும் அது பொருந்தும்.

பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து அறிய வேண்டிய ஒன்றுண்டு. நமது தொலைபேசியில் 'ஹிஸ்டரி'யை அழித்தாலும், நாம் சென்ற தளத்தின் சேவையகம் எழுதிய வரி அழிவதில்லை. அந்தக் கொப்பி நம் கையில் இல்லை.