விருது வாங்குன விஸ்கி, விலை ஏறுன பங்கு

2023-ல, ஹரியானாவைச் சேர்ந்த பிக்காடிலி ஆக்ரோ கம்பெனியோட 'இந்த்ரி' தீபாவளி ஸ்பெஷல் விஸ்கி, 'விஸ்கீஸ் ஆஃப் த வேர்ல்ட்' போட்டியில் முதலிடம் வாங்குச்சு. உடனே அந்தச் சின்ன கம்பெனியோட பங்கு விலையும் எகிறுச்சு. "அடுத்த மல்டிபேக்கர் இதானே?"ன்னு கேக்குறவங்ககிட்ட நான் சொல்றது இதுதான்: முதல்ல பீப்பாயைப் பாருங்க.

சிங்கிள் மால்ட் வருஷக்கணக்கா பீப்பாயில் ஊறணும். அதுவரைக்கும் போட்ட பணம் முடங்கிக் கிடக்கும். நம்ம ஊர் வெயிலுக்கு ஸ்காட்லாந்தைவிட வேகமா ஆவியாகி, சரக்கும் குறையும். ஆர்டர் குவிஞ்சாலும் உற்பத்தியை நாளைக்கே கூட்ட முடியாது. அதோட, மது மாநிலப் பட்டியல்ல வர்ற விஷயம்; ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி வரி, தனி அனுமதி.

விருது ஒரே நாள்ல வந்துடும், லாபத்துக்கு வருஷங்கள் ஆகும். அந்த லாபத்தையும் சேர்த்து இன்னைக்கே விலை ஏறியிருந்தா, நம்ம சேமிப்புக்கு என்ன மிஞ்சும்? அதைக் கணக்குப் போட்டுட்டு வாங்குங்க.